விதைக்குமுன் மண்ணில் கிடப்பவை

பழனி மலைத் தொடரின் மேல்தளத்தில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் கொடைக்கானலில், வீட்டின் முன்னே புல்தரை வளர்க்கும் வழக்கம் அந்த ஊர் ஊரான காலத்திலேயே தொடங்கிவிட்டது. மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறிய அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1895-இல் கோல்ப் மைதானமும் 1908-இல் பிரயண்ட் பூங்காவும் தோன்றின. தங்கள் தேசத்துப் புல்லின் மீது அவர்களுக்கு இருந்த வாஞ்சையில் அதன் விதையை இங்கே தூவிய கைகள், கூடவே வேறு பல விதைகளையும் தெரிந்தும் தெரியாமலும் இந்த மண்ணில் சேர்த்துவிட்டன. சேசு சபைத் துறவியும் தாவர சாஸ்திர நிபுணருமான கே. எம். மாத்யூ, கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களை மட்டுமே தனியே தொகுத்து 1969-இல் வெளியிட்டார் என்பதிலிருந்தே அந்தக் குடியேற்றம் எவ்வளவு விரிவானது என்பது விளங்கும். பெரு நாட்டிலிருந்து வந்த காலின்சோகாவும், மெக்ஸிகோவிலிருந்து வந்து கற்சுவர்களின் இடுக்குகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தொங்கும் எரிஜெரானும், ஐரோப்பாவின் டாண்டிலியனும், வெள்ளைக் குளோவரும், ஓராண்டுக்குள்ளேயே முளைத்து விதைத்து மடிந்துபோகும் போவா அன்னுவா என்ற குட்டைப் புல்லும், இவற்றுக்கு இடையே நம்முடைய புளியாரையும் வல்லாரையும் சேர்ந்து, கொடைக்கானலின் எந்தப் பழைய வீட்டுப் புல்தரையிலும் புல்லுக்குச் சமமாகப் பங்கு கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய புல்தரையில், ஆங்காங்கே சொட்டை விழுந்த இடங்களில் புதிய விதையைத் தூவி, இருக்கும் புல்லை அழிக்காமலே அடர்த்தியாக்கிக்கொள்வது ஒரு நல்ல முறை. முழுத் தரையையும் கொத்திப் புரட்டுவதைவிடச் செலவு குறைவு. சரிவான நிலத்தில் மண் அரிப்புக்கும் இடமில்லை. ஆயினும் இந்த மேல்விதைப்பு பெரும்பாலும் தோற்றுப்போவதையே காண்கிறோம். சீசன் என்று வழங்கும் ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியிலிருந்து வந்து தங்கும் வீட்டுக்காரர், தரையின் சொட்டைகளைக் கண்டு மனம் வருந்தி, விலை உயர்ந்த விதையை வாங்கி, தோட்டக்காரரைக் கொண்டு மண்ணை நன்றாகக் கொத்தச் செய்து, விதையைத் தூவி, நீர் தெளிக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார். மறுபடி வரும்போது, புல் இருக்கவேண்டிய இடத்தில் காலின்சோகாவும் போவா அன்னுவாவும் முன்னைவிடச் செழிப்பாக நிற்கின்றன. விதை கெட்டது என்று கடைக்காரரையும், நீர் ஊற்றவில்லை என்று தோட்டக்காரரையும் நொந்துகொள்வது நியாயமன்று. அவர் தூவிய விதைக்கு முன்பே அந்த மண்ணில் வேறு விதைகள் கிடந்தன. அவர் செய்த கொத்தலும் நீர் தெளித்தலும் முதலில் அவற்றுக்கே உபசாரமாக முடிந்தன.

மண்ணுக்குள் உயிரோடு உறங்கிக் கிடக்கும் இந்த விதைத் தொகுதியைத் தாவர அறிஞர்கள் விதை வங்கி என்று வழங்குகிறார்கள். நெடுநாள் சாகுபடி செய்த நிலத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் வரை உயிருள்ள களை விதைகள் இருப்பது சர்வ சாதாரணம். ஒரு பருவத்தில் அவற்றுள் மிகச் சிறு பங்கே முளைக்கிறது. மற்றவை அடுத்த ஆண்டுக்காகவும் அதற்கு அடுத்த ஆண்டுக்காகவும் காத்திருக்கின்றன. ஓர் ஆண்டின் வறட்சியோ உறைபனியோ ஒரு தலைமுறை முழுவதையும் கொண்டுபோய்விடாதபடி, தன் சந்ததியைக் காலத்தில் பரப்பி வைக்கும் இந்தத் தந்திரமே களையைக் களையாக்குகிறது. நாம் விரும்பி விதைக்கும் புல்வகைகளிடம் இந்தக் குணம் மிகக் குறைவு. ஈரம் பட்டதும் அவை எல்லாம் ஒன்றாக முளைத்துவிடும்.

உறக்கத்தின் எல்லை எவ்வளவு என்பதை அறிய அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் தொடங்கிய பரிசோதனை, விஞ்ஞான சரித்திரத்தில் மிக நீண்டவற்றுள் ஒன்று. எத்தனை ஆண்டு களை எடுத்தால் நிலம் சுத்தமாகும் என்ற உழவர்களின் கேள்விக்கு விடை காண விரும்பிய அவர், பலவகைக் களைகளின் விதைகளை, வகைக்கு ஐம்பதாக எண்ணி, ஈர மணலோடு கலந்து இருபது குப்பிகளில் இட்டுப் புதைத்தார். முதலில் ஐந்தாண்டுக்கு ஒன்றாகவும், பிறகு பத்தாண்டுக்கு ஒன்றாகவும், இப்போது இருபதாண்டுக்கு ஒன்றாகவும் குப்பிகள் தோண்டி எடுக்கப்படுகின்றன. 2021-இல் எடுத்த குப்பியிலிருந்து, 141 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த வெர்பாஸ்கம் விதைகள் முளைத்தன. பீலும் அவருக்குப் பின் அந்தக் குப்பிகளைக் காத்தவர்களில் பலரும் மண்ணோடு மண்ணாகிவிட்ட பிறகு, அவர் கையால் எண்ணிப் போட்ட விதை தளிர் விட்டதை எண்ணிப் பார்க்கும்போது, களை எடுப்பவனுடைய பொறுமை எத்தகைய பொறுமையோடு போட்டியிடுகிறது என்பது புலனாகும்.

அந்தக் குப்பியை எடுத்தவர்கள் இருள் விலகுமுன், இரவிலேயே தோண்டி எடுத்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு வெளிச்சம் எவ்வளவு பெரிய சமிக்ஞை என்பதை அவர்கள் அறிந்திருந்ததே அதன் காரணம். 1952-இல் பெல்ட்ஸ்வில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும், லெட்டூஸ் கீரையின் விதைகளுக்குச் சிவப்பு ஒளியையும் அதற்கு அப்பாலுள்ள தூரச் சிவப்பு ஒளியையும் மாறி மாறிக் காட்டினார்கள். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி கடைசியாகப் பட்ட விதைகள் முளைத்தன. 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தூரச் சிவப்பு கடைசியாகப் பட்டவை முளைக்க மறுத்தன. எத்தனை முறை மாற்றிக் காட்டினாலும் இறுதியில் பட்ட ஒளி எதுவோ அதுவே தீர்ப்புச் சொல்லிற்று. விதைக்குள் இருந்து இந்தத் தீர்ப்பைச் செய்யும் நிறமிப் பொருளுக்குப் பிற்பாடு பைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சியின் உட்பொருள் புல்தரைக்காரருக்கு மிக மிக முக்கியமானது. பச்சை இலை சூரிய ஒளியிலுள்ள சிவப்பைத் தன் உணவுக்காக உறிஞ்சிக்கொண்டு தூரச் சிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. ஆகவே அடர்ந்த புல்லின் நிழலில் கிடக்கும் களை விதை, மேலே வேறொரு செடி நிற்கிறது என்று அறிந்து உறங்கியே கிடக்கிறது. தரையில் சொட்டை விழுந்தால், அங்கே முழு வெயில் பட, அந்த விதைக்கு வழி திறந்துவிடுகிறது. ஒளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் செல்வதில்லை என்பதால், ஆழத்தில் கிடக்கும் விதைகள் ஒளி அறியாமல் இருக்கின்றன. மண்வெட்டியால் மண்ணைப் புரட்டும்போது, கண் இமைக்கும் நேரத்துக்கு அவற்றின்மேல் வெளிச்சம் பட்டு மறுபடி புதைந்தாலும், பல களைகளுக்கு அவ்வளவே போதும். நிலத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆழக் கொத்துகிறவர், உண்மையில் கீழ்த்தட்டில் பல்லாண்டாக உறங்கியவற்றை வரவழைத்து மேல்தட்டில் அமர்த்துகிறார். சிறு விதைகளையுடைய களைகள் பெரும்பாலும் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணிலிருந்தே எழுகின்றன. அந்த மெல்லிய மேற்படையை மட்டும் காலி செய்துவிட்டு, கீழே உள்ளதைக் கலைக்காமல் விடுவதே மேல்விதைப்புக்கு முன்னே செய்யவேண்டிய வேலையின் சாரம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

காலி செய்வது எவ்வாறு? களையை முளைக்கவிட்டுத்தான். மண்ணுக்குள் உறங்கும் விதையை எந்தக் கருவியும் எளிதில் தொட முடியாது. முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றையோ ஒரு குழந்தைகூட அழித்துவிடலாம். இந்த உண்மை நம் உழவர்களுக்குப் புதியதன்று. நெல் வயலை நடவுக்குமுன் நீர் கட்டி உழுது, சில நாள் விட்டு, அதற்குள் எழும்பிய களையை மறு உழவில் சேற்றோடு சேற்றாக மிதித்து, மீண்டும் சில நாள் விட்டு உழுது பரம்படிக்கும் அவர்கள், விதை வங்கி என்ற பெயரை அறியாமலே அதன் இருப்பைக் கரைத்து வந்திருக்கிறார்கள். அந்தச் சேற்றுழவின் தத்துவத்தை மலைமேல் ஒரு சிறு புல்தரைக்குப் பொருத்திக்கொள்வதே நாம் செய்யவேண்டியது. சொட்டை விழுந்த இடத்தை இரும்புப் பல் வைத்த வாரியால் மேலோட்டமாகக் கீறி, காய்ந்த புல்லையும் சருகையும் வாரி அப்புறப்படுத்தி, விதை போடாமலே நீர் தெளித்துவர வேண்டும். கொடைக்கானலின் குளிர்ச்சியில் மூன்று வாரத்தில் களை நாற்றுகள் பசேலென்று எழும். வெயிலுள்ள ஒரு முற்பகலில், கூரிய களைக்கொத்தின் விளிம்பைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, மண்ணைப் புரட்டாமல் நாற்றுகளின் கழுத்தை மட்டும் அறுத்துவிட்டு, அவற்றை அங்கேயே உலரவிட வேண்டும். பிறகு மறுபடி நீர்; மறுபடி மூன்று வாரம்; மறுபடி அறுப்பு. ஒவ்வொரு முறையும் எழும்பும் நாற்றுகள் குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் காணலாம். மூன்றாம் முறைக்குப் பின் மேற்படையில் எஞ்சியிருப்பது, புதுப்புல் சமாளித்துக்கொள்ளக்கூடிய அளவினதே.

இதற்குக் காலம் வேண்டும். காலத்தை எங்கே எடுப்பது என்பதற்கு விடை இந்த மலையின் மழையிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை பெறும் கொடைக்கானலில், ஏப்ரலிலும் மேயிலும் கோடை மழை இடியோடு பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையின் மறைவினால் இங்கே தன் முழு உக்கிரத்தைக் காட்டுவதில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழைதான் கொட்டித் தீர்க்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஏரிக்கரை, ஜிம்கானா முதலிய தாழ்வான இடங்களில் விடியற்காலையில் உறைபனி படிகிறது. ஆகையால் கோடை மழையைக் களைக்கு விட்டுக்கொடுத்து, அதனால் எழும்பும் களைகளை மே, ஜூன், ஜூலை மாதங்களில் அடுத்தடுத்து அறுத்து, ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ புல் விதைப்பதே உசிதம். அப்போது விதைத்தது, வடகிழக்கு மழை சரிவில் மண்ணை அடித்துக்கொண்டு போகுமுன் வேரூன்றிக்கொள்ளும். உறைபனிக்குள் தூர் வெடித்துவிடும். இந்த முறை சீசனில் வந்து சீசனுக்குள்ளேயே பசுமை காண விரும்புகிறவருக்கு உகந்ததன்று. அவர் தம் ஆசையை ஓராண்டு தள்ளிவைக்கச் சம்மதிக்க வேண்டும்; வேறு சுருக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

விதையினால் பரவும் களைகளுக்குச் சொன்ன இந்த முறை, குமிழாலும் ஓடுதண்டாலும் பரவுகிறவற்றிடம் பலிக்காது. மூன்று மூன்றாக அகன்ற இலையும் ஊதாச் சிவப்புப் பூவும் கொண்ட ஆக்சாலிஸ் லாடிபோலியா என்ற அமெரிக்கப் புளியாரை, மண்ணுக்குள் தாய்க் குமிழைச் சுற்றிப் பல சிறு குமிழ்களை வைத்திருக்கிறது. அதை அவசரமாகப் பிடுங்கினால் தாய் வந்துவிடும், பிள்ளைகள் மண்ணில் சிதறி ஒன்று பத்தாகும். தாய்க்குமிழின் சேமிப்புத் தீர்ந்து, புதுக் குமிழ்கள் இன்னும் முதிராத இடைப்பட்ட பருவத்தில், அதாவது இலைகள் விரிந்து பூ எட்டிப் பார்க்கும் வேளையில், ஒரு கையளவு மண்ணோடு சேர்த்துக் குத்துக்கரண்டியால் அள்ளி எடுத்து, அந்த மண்ணையும் அகற்றிவிட்டுப் புது மண் இடுவதே பலன் தரும். டாண்டிலியனுக்கும், அதைப் போலவே மஞ்சள் பூ பூக்கும் ஹைபோகீரிஸுக்கும் ஆணிவேரின் துண்டு மீந்தாலும் மறுபடி துளிர்க்கும் சக்தி உண்டு. மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, மெல்லிய கடப்பாறையை வேரை ஒட்டி இறக்கி முழுதும் நெம்பி எடுக்க வேண்டும்.

கிக்குயு புல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களைத் தாயகமாகக் கொண்ட இந்தப் புல், கொடைக்கானலில் பல வீடுகளின் புல்தரையாகவே இருக்கிறது. மற்ற வீடுகளில் அதுவே முதற்பெருங்களை. தரைமேல் ஓடும் தண்டாலும் தரைக்குள் ஓடும் கிழங்குத்தண்டாலும் ஒருசேரப் பரவி, கணுவுக்குக் கணு வேர் விட்டு, பாத்தியையும் நடைபாதையையும் விழுங்குவது அதன் சுபாவம். கிக்குயு கலந்த தரையில் மென்மையான ரைபுல்லையோ பெஸ்க்யூ புல்லையோ மேல்விதைப்பவர்கள், குளிர்காலத்தில் கிக்குயு பழுத்து அடங்கியிருக்கும்போது வெற்றி கிடைத்துவிட்டதாக மகிழ்ந்து, ஏப்ரல் உஷ்ணத்தில் அது மீண்டெழுந்து எல்லாவற்றையும் மூடுவதைப் பார்க்கிறார்கள். ஆகவே முன்னதாகவே ஒரு முடிவு வேண்டும்: கிக்குயுவையே தரையாக ஏற்றுக்கொண்டு மேல்விதைப்பை மறந்துவிடுவது, அல்லது அதைக் கடைசிக் கணு வரை வெளியேற்றிய பிறகே விதையைத் தொடுவது. கவைமுள்ளால் மண்ணை இளக்கி, ஓடுதண்டை அறுந்துபோகாமல் கையால் தொடர்ந்து இழுத்து எடுத்து, பிறகு மாதக்கணக்கில் அந்த இடத்தைக் கவனித்து, எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தளிரையும் இலை விரியுமுன் அறுத்துவந்தால், தண்டில் சேமித்த மாச்சத்து தளிர் அனுப்பி அனுப்பியே செலவழிந்து அது சாகிறது. இலை விரிய விட்டுவிட்டால் செலவழித்தது அனைத்தையும் அது திரும்பச் சேமித்துக்கொள்ளும். இடையில் ஒரு மாதம் அசட்டையாயிருப்பது முன்செய்த வேலை முழுவதையும் வீணாக்கும்.

இந்த அறுப்பு வேலைக்கு ஆள் இல்லாதவர்கள், வெளிச்சத்தை முற்றும் மறைத்து மூடிவைக்கலாம். சமவெளியில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை ஈர மண்மேல் விரித்து, சூரிய உஷ்ணத்தாலேயே களை விதையை வேகவைக்கும் முறை உண்டு. 1970-களில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் அதைப் பிரபலமாக்கினார்கள். அதற்கு மண்ணின் மேற்படை நாற்பது, ஐம்பது டிகிரி வரை பல வாரம் சூடேற வேண்டும். நடுப்பகலிலும் காற்றின் உஷ்ணம் இருபது டிகிரியைப் பெரிதும் தாண்டாத கொடைக்கானலில் அம்முறை களைக்கு இதமான கூடாரம் அமைத்துக் கொடுப்பதாகவே முடியும். இங்கே வேண்டியது இருள்: பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு பரப்பி, மேலே சணல் சாக்கு விரித்து, கல் வைத்து, மழைக்காலம் முழுவதும் விட்டுவைத்தால், அடியிலுள்ள களை வெளுத்து மடியும். அட்டை தானே மக்கிப்போகும்.

ரசாயன மருந்துகளைப் பற்றிய கேள்வியையும் விட்டுவிட முடியாது. முளைப்பதற்குமுன் தெளிக்கும் பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகள், முளைக்கும் விதையின் வேர்நுனியில் உயிரணுக்கள் பிரிவதைத் தடுத்து நாற்றைக் கொல்கின்றன. களை விதைக்கும் புல் விதைக்கும் அவை பேதம் பார்ப்பதில்லை. மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் அத்தகைய மருந்தை இட்ட நிலத்தில் மேல்விதைப்பது விதையை வீணாக்குவதே. அகன்ற இலைக் களைகளை மட்டும் தாக்கும் 2,4-டி என்ற மருந்து, செடியின் வளர்ச்சி ஹார்மோனைப்போல் நடித்து அதை முறுக்கி அழிக்கிறது. தெளித்தபின் மூன்று நான்கு வாரமாவது விதைக்கக் கூடாது, புதுப்புல்லும் இரண்டு மூன்று முறை வெட்டப்படும்வரை அதைத் தாங்காது. கிளைபோசேட் புல், களை எல்லாவற்றையும் ஒருங்கே கொல்வது; செடிகளுக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களை அவை ஆக்கிக்கொள்ளும் வழியை அடைக்கிறது. களிமண்ணோடு இறுகப் பிணைந்துகொள்வதால் அதன்பின் விதைப்பதற்குத் தடையில்லை என்று அதை விரும்புகிறவர்கள் சொல்வார்கள். 2022-இல் மத்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களைத் தவிர மற்றவர் அதைப் பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, கொடைக்கானலில் எனக்கு வேறு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. இங்கே எந்த வீட்டின் சரிவும் ஏதேனும் ஒரு ஓடையை நோக்கியே இறங்குகிறது. ஏரியில் நிரம்பி வழியும் நீரே வெள்ளி நீர்வீழ்ச்சியாக மலையடிவாரம் நோக்கிப் போகிறது. மற்றது, இரவில் வேலியைத் தாண்டி வந்து புல்தரையில் மேயும் காட்டுமாடு. மாலையில் மருந்து தெளித்த புல்லை இரவில் அது தின்னும் என்பது ஊரறிந்த நிச்சயம். ஒரு வீட்டுப் புல்தரையின் அளவுக்குக் களைக்கொத்தும் அட்டையும் போதும். அதற்குமேல் விஷத்தை நாடுவது தேவையற்றது என்றே கருதுகிறேன்.

மண் காலியானபின் விதைப்பு எளிய காரியம். ரைபுல்லானால் ஒரு கிராமில் சுமார் 500 விதைகள். சதுர மீட்டருக்கு இருபது முதல் முப்பது கிராம் வரை தூவி, வாரியால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்து, காலால் மிதித்து மண்ணோடு பொருந்தச் செய்து, மேல்மண் காயாதபடி பூவாளியால் நனைத்துவந்தால் ஒன்றரை வாரத்துக்குள் முளை தெரியும். எரு இடும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும். பச்சைச் சாணத்தில், மாடு தின்ற களையின் விதை உயிரோடு இருக்கும். குவியலின் நடுப்பாகம் 55, 60 டிகிரி வரை சூடேறி நன்றாக மக்கிய எருவில்தான் அது செத்துப்போகும். காட்டுமாடு இட்டுப்போகும் சாணத்தையும் அன்றன்று எடுத்து எருக்குழியில் சேர்த்துவிட வேண்டும். புல் வளர்ந்தபின் அதை ஆறு, ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்டுவது, முன்னே சொன்ன தூரச் சிவப்பு நிழலைத் தரைமேல் எப்போதும் நிறுத்திவைக்கும். கம்பளம்போல் ஒட்ட வெட்டுகிற ஆசையே பல புல்தரைகளில் முதற்சொட்டையை உண்டாக்குகிறது.

வீட்டு வேலிக்கு வெளியே இதே சாஸ்திரம் மிகப் பெரிய அளவில் பரீட்சைக்கு வந்திருக்கிறது. பழனி மலையின் உச்சிகள் ஒருகாலத்தில் சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த இயற்கைப் புல்வெளிகளுமாக இருந்தன. கிரைசோபோகன், தெமீடா முதலிய கொத்துப்புற்களும், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியும் அங்கே வளர்ந்தன. அந்தப் புல்வெளியைப் பாழ்நிலம் என்று எண்ணி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் என்னும் சீகை மரத்தையும், யூகலிப்டஸையும், பைனையும் நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நாற்பதாண்டுக் காலத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்டமரங்களுக்கும் சாகுபடிக்கும் இரையாயிற்று என்று காட்டுகிறது. ஊருக்குள் வந்து நம் புல்தரையில் மேயும் காட்டுமாட்டின் பசிக்கும் இந்த நஷ்டத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையையும் வகுத்தது. ஆயினும் வாட்டிலை வெட்டியவர்கள் கண்டது, சீசனில் கொத்தி விதைத்த வீட்டுக்காரர் கண்டதையே. வாட்டிலின் கடினத் தோலுள்ள விதைகள் ஐம்பதாண்டு வரை மண்ணில் உயிரோடிருக்கும். மரம் சாய்ந்து வெயில் தரையில் பட்டதும், அல்லது நெருப்பு ஒருமுறை மேலோடியதும், ஒரு மரம் நின்ற இடத்தில் ஆயிரம் கன்றுகள் எழுகின்றன. வட்டக்கானலில் தங்கி, அந்த ஊரின் பெயராலேயே ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்தி, மலையின் அரிய செடிகளை நாற்றங்காலில் பேணி வளர்த்த டானியா பால்காரும் பாப் ஸ்டூவர்ட்டும், அயல் மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழும்புவதைக் கவனித்து, எல்லா இடத்திலும் ஒரே வெட்டாக வெட்டிச் சாய்ப்பது தவறு என்று வற்புறுத்தி வந்தார்கள். சோலையாக மாறிவரும் இடத்தை நிழலோடு விட்டுவைத்து, புல்வெளி இன்னும் முற்றும் அழியாத ஓரங்களில் மட்டும் வாட்டில் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி, அந்த வெற்றிடத்தில் பூர்வீகப் புல்லைத் தூர் பிரித்து நடுவது அறிவுக்கு இசைந்த வழி. விதையை நம்பாமல் தூரை நடுவதற்குக் காரணம், ஏற்கனவே வேரும் இலையும் உள்ள புல் முதல் நாளிலிருந்தே மண்ணை நிழலால் மூடத் தொடங்கிவிடும் என்பது.

வீட்டுத் தரையிலும், சொட்டை சிறியதாக இருந்தால், இந்த வழியையே நான் விரும்புவேன்: நன்றாக அடர்ந்த ஓரத்திலிருந்து புல்லைத் தூரோடு எடுத்து, விரல் நீள இடைவெளியில் நட்டுவிட்டால், விதைக்கும் வேலையும் மிச்சம், களை முளைக்கும் இடமும் குறைவு. பெரிய சொட்டைகளுக்கு விதை வாங்கும்போது, கிக்குயுவோ குளோவரோ கலந்த கலவையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும். பழனி மலையில் அவை வேலிக்குள் நிற்பதில்லை. பிடுங்கிய களையை வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கொட்டும் பழக்கத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும். அந்தப் பள்ளங்களில் பல சோலையின் விளிம்பிலேயே முடிகின்றன. ஈர மண்ணில் விழுந்த கிக்குயு தண்டு சில நாளிலேயே கணுக்களில் வேர் விடத் தொடங்கும், ஆக்சாலிஸ் குமிழோ அழுகாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஓடுதண்டுகளைத் தகரத்தின்மேல் பரப்பி ஒடிந்து நொறுங்கும்வரை வெயிலில் காயவைக்கலாம். மழைக்காலமானால் நீர் நிரம்பிய பீப்பாயில் முழுகவிட்டு, முற்றும் அழுகியபின் எருக்குழியில் சேர்க்கலாம். குமிழ்களை மட்டும் எருக்குழிக்கும் அனுப்பாமல், களை எடுத்த அன்றே அடுப்புத் தீயில் இட்டுவிட வேண்டும்.